நாற்பத்து நான்கு பேரின் மிகுந்த திருப்தி

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பின் மருமகள் கீர்த்தனிக்கு,

மாமா குணரத்தினம் எழுதிக்கொள்வது. பத்திரகாளி அம்மனின் கருணையால் நானும் மாமி புஷ்பவதியும் சுகமாக இருக்கிறோம். மாமிக்கு முழங்கால் நோவு, எனக்கு மனச்சாட்சி நோவு, மற்றும்படி குறை ஒன்றுமில்லை. கொழும்பில் நீயும் சுகமென நம்புகிறேன். இக்கடிதத்தை நாளைக் காலை கொழும்பு பஸ்ஸில் வரும் பக்கத்து வீட்டு இராகுலனிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். மூன்று தரம் எடுத்தேன். நீ "சொல்லுங்கோ மாமா" என்றவுடன் பேச்சை மாற்றிவிட்டேன். மூன்று தரமும் கொழும்பில் மழையோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

விடயத்துக்கு வருகிறேன். பிள்ளை, நீ இந்த மாதக் கடைசியில் வேலையை விடக்கூடாது. ராஜினாமாக் கடிதம் எழுதியிருந்தால் அதை மேசை லாச்சிக்குள்ளேயே வை. குடுத்திடாத. ஏன் எண்டு கேட்டால், பிழை என்னில. முழுப் பிழையும் என்னில.

சித்திரை வருசத்துக்கு வந்த நேரம் நீ உன்ர 'கீறிப்பார்' எண்ட சாமானை எனக்கு விளங்கப்படுத்தினனி. வீடு கட்ட முன்னம் பிளான் கீறுற மாதிரி, வெப்சைற் கட்ட முன்னம் அது எப்பிடி இருக்கும் எண்டு கீறிக் காட்டுறது, கொம்பியூட்டரில ஒண்டும் ஏத்தத் தேவையில்லை, பிரவுசரைத் திறந்தால் போதும் எண்டு சொன்னனி. எனக்கு நல்லா விளங்கினது. பிறகு போனில ஒரு படிவத்தை அனுப்பி, "மாமா, உண்மையாப் பாவிச்சுப் பார்க்கிற பத்துப் பேரிட்டக் குடுங்கோ, எனக்குக் குறைதான் வேணும்" எண்டும் சொன்னனி. அங்கதான் பிள்ளை, எனக்குப் பிசகினது. ஒரு பிள்ளை முதல் முதல் ஒரு காரியம் செய்து போட்டுக் கொண்டுவந்து காட்டேக்க, தாய்மாமன் எண்டவன் குறையைப் பொறுக்கிக்கொண்டு போய்க் குடுப்பானோ? அதோட என்ர பழக்கம் உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருசம் கிளாக்கர் வேலை, பென்சனுக்குப் பிறகு பதினோரு வருசமாச் சனத்திட்டக் கையெழுத்து வாங்கி மகஜர் குடுக்கிற வேலை. குழாய்த் தண்ணிக்கு மகஜர், மூதூர் பஸ்ஸுக்கு மகஜர், சந்தைக் கூரைக்கு மகஜர். எந்தக் கடதாசி எண்டாலும் நான் முதல் பார்க்கிறது எத்தினை கையெழுத்து எண்டுதான். பத்துக் கையெழுத்தை ஆர் மதிக்கிறது? சனத்துக்கு வாசிக்கக் குடுத்தால் கேள்வி கேக்கும், அதால வாசிக்கவும் குடுக்கிறேல்ல. உன்ர படிவத்தையும் அப்பிடித்தான் போனும் கையுமாக் கொண்டு திரிஞ்சனான்.

கோயிலடியில பதினாறு, பஸ் ஸ்ராண்டில ஒன்பது, மாமியின்ர சீட்டுக்காரப் பொம்பிளையள் எட்டு, தம்பலகாமத்து உறவுக்காரர் ஏழு, கிண்ணியா மீன் வியாபாரி முனாப், அவற்ற மச்சான், அதோட நான். நாற்பத்து மூண்டு. ஒருத்தரும் அந்தச் சாமானைக் கண்ணாலயும் காணேல்ல. நீ வாசிச்சு வாசிச்சுச் சந்தோசப்பட்டாயே, "மிகுந்த திருப்தி. இத்தகைய சேவை எமது பிரதேசத்துக்கு இன்றியமையாதது. உரியவர்கள் உடனடி நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்" எண்டு, அது அவ்வளவும் என்ர வசனம். இத்தினை பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்கினமே எண்டு உனக்கு ஒரு சந்தேகமும் வரேல்லையோ? படிச்ச பிள்ளையளுக்கும் புகழ்ச்சி எண்டால் கண் தெரியாது போல. முனாப் மட்டும் நான் சொன்னதை எழுதாமல் "எங்கட ஒழுங்கைக்கு லைற் வேணும்" எண்டு போட்டவர். நீ அதுக்கும் மரியாதையா "உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்" எண்டு பதில் அனுப்பினனியாம். இப்ப அந்த மனிசன் என்னை எங்க கண்டாலும் சைக்கிளை மறிச்சு, "சேர், மருமகள் எப்ப லைற் போடுறா?" எண்டு கேக்கிறார். நான் மீன் வாங்கிற இடத்தை மாத்திப்போட்டன்.

இதெல்லாம் சின்னப் பிழை. பெரிய பிழை இனித்தான் வருது. உப்புவெளிப் பக்கம் கெஸ்ற் ஹவுஸ்காரருக்கும் வள்ளக்காரருக்கும் வெப்சைற் செய்து குடுக்கிற லைலா எண்டொரு பிள்ளை, மத்திய வீதியில சின்னக் கந்தோர் வைச்சிருக்கிறா. நாற்பத்து நாலாவது ஆளா அவவிட்டயும் போனன். மற்றவை மாதிரி நான் சொன்னதை எழுதிவிடாமல், "பார்த்திட்டுச் சொல்லுறன் சேர்" எண்டிட்டா. மூண்டு கிழமை கழிச்சு ஆறு பக்கம் கையால எழுதித் தந்து, "படிவத்தில எழுத இடம் போதாது, இதைப் படம் எடுத்து அவவுக்கு அனுப்புங்க" எண்டா. வீட்ட வந்து வாசிச்சன். ஐயோ பிள்ளை! பின்னுக்குப் போற பட்டனை அமத்தினால் கீறின அவ்வளவும் ஒரு வார்த்தை கேக்காமல் அழியுதாம், அவவுக்கு நாலு தரம் அழிஞ்சுதாம். 'முன்பதிவு செய்யுங்கள்' எண்டு எழுதினால் பெட்டியில இடம் போதாமல் 'முன்பதிவு செய்' எண்டதோட நிக்குதாம், பார்க்கிறவனை அதட்டுற மாதிரி. எல்லாத்தையும் விட மோசம், இது வெறும் படம் எண்டு எங்கயும் எழுதியில்லையாம். திமிங்கிலம் காட்டப் போற வள்ளக்காரர் றிகாஸுக்கு லைலா மாதிரியை அனுப்ப, அவர் அதில கிடந்த முன்பதிவுப் பட்டனைப் பன்னிரண்டு தரம் அமத்திப் பார்த்து, பன்னிரண்டு வெள்ளைக்காரர் வருகினம் எண்டு விடிய ஐஞ்சு மணிக்கே வள்ளத்துக்கு எண்ணெய் அடிச்சு, லைஃப் ஜாக்கெற்றும் எடுத்து வைச்சுப் பத்து மணி வரைக்கும் கடற்கரையில காவல் நிண்டிருக்கிறார்.

இதை உனக்கு அனுப்பியிருக்க வேணும். நீ கேட்டது இதைத்தான். நான் என்ன செய்தனான் தெரியுமோ? உன்ர மனம் நோகும் எண்டு, ஆறு பக்கத்தையும் அலுமாரியில மாமியின்ர கூறைச் சேலைக்குக் கீழ வைச்சுப் பூட்டிப்போட்டு, லைலாவின்ர பேரில நானே "மிகுந்த திருப்தி" எண்டு அனுப்பிவிட்டன். நாற்பத்து நாலு. அடுத்த கிழமை சுலோஜனா, உன்ர அம்மா, கோயிலில நிண்டு எல்லாருக்கும் சொல்லுறாள், "நாற்பத்து நாலு பேரும் நல்லம் எண்டிட்டினம், பிள்ளை பாங்க் வேலையை விட்டிட்டு இதையே முழுநேரமாச் செய்யப் போறாள்" எண்டு. நான் அர்ச்சனையும் செய்யாமல் வீட்ட வந்திட்டன். தகப்பன் இல்லாத வீடு. உன்ர சம்பளத்திலதான் அடுப்பு எரியுது. என்ர பொய்யை நம்பி நீ அந்தச் சம்பளத்தை விடப் போறாய்.

ஆறு பக்கத்தையும் இதோட வைச்சிருக்கிறன். கூறைச் சேலை வாசம் அடிச்சால் மன்னிச்சுக்கொள். மாமாவில கோவிக்காத எண்டு கேக்க எனக்கு முகமில்லை, கோவி. ஆனால் வேலையை விடாத. சாமான் இன்னும் சரிவரேல்ல, பிள்ளை. மாமா சொல்லுறன், கேள்.

அம்மாளாச்சி உன்னை எப்பவும் கைவிடமாட்டா. மாமியும் ஆசி சொல்லச் சொன்னவ. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
வெட்கத்துடன் மாமா,
ஆ. குணரத்தினம்

பி.கு: கடிதத்தை ஒட்ட முன்னம், லைலாவிட்டயும் ஒரு சொல்லுச் சொல்லுவம் எண்டு போனன். நான் செய்ததைச் சொல்லி, இதையும் வாசிச்சுக் காட்டினன். அவ ஏசுவா எண்டு நினைச்சன். ஏசினவதான், ஆனால் வேற விசயத்துக்கு. "அவவை வேலையை விடவேணாம் எண்டு சொல்ல நீங்க ஆர் சேர்? புடிக்காத சாமானுக்கு ஆராவது ஆறு பக்கம் எழுதுவாங்களா? நான் ஒவ்வொரு நாளும் அதிலதான் கீறுறன். நீங்க அதை ஒருக்காலாவது திறந்து பார்த்தீங்களா?" எண்டா. பிள்ளை, நான் திறக்கேல்ல. நல்லம் எண்டு எழுதினதும் திறக்காமல்தான், இப்ப சரிவரேல்ல எண்டு எழுதினதும் திறக்காமல்தான். அதால மேல நான் சொன்ன புத்தி ஒண்டையும் எடுக்காத. பாவிச்ச ஒரே ஆள் லைலா. அவ உன்னட்ட ஒண்டு கேக்கச் சொன்னவ: அந்தப் பின்னுக்குப் போற பட்டனை, வேலையில இருந்துகொண்டு திருத்தினால் எத்தினை நாள் எடுக்கும், வேலையை விட்டிட்டுத் திருத்தினால் எத்தினை நாள் எடுக்கும்? தனக்கு இரண்டாவதுதான் வசதியாம்.