அப்பாவின் கார் சாவி கைப்பற்றப்பட்ட விவரம்

அன்பு அண்ணாவுக்கு,

உன் தங்கை மரியாதையோடும் அதைவிட இரண்டு மடங்கு வெற்றிக் களிப்போடும் எழுதுவது. இங்கே நான், உன் மாப்பிள்ளை, குட்டி மூவரும் சௌக்கியம். குட்டிக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது. குளிர் வந்தால் ஒழுகத்தான் செய்யும் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார், மூன்றாவது தடவை போனை எடுக்கவில்லை. அங்கே நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள், புது வீட்டின் பெயின்ட் வாசனை போயிருக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஆரம்பிக்கிற வாக்கியத்தை எப்போதும் நீதான் முடிக்கிறாய். இந்தக் காரியத்தை நானே முடித்திருப்பதால் நானே முழுசாகச் சொல்ல வேண்டும். குட்டி தூங்கிவிட்டான். அப்பாவும் அம்மாவும் முன்னறையில் தூங்குகிறார்கள். சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அப்பாவின் கார் சாவி என்னிடம் இருக்கிறது.

நம்பிக்கை வராவிட்டால் மேலே உள்ள வரியை இன்னொரு தடவை படி. நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "மலையைத் தாண்டி அந்தப் பழைய வண்டியில என் வீட்டுக்கு வரக் கூடாது. ஊர் சுத்தினது போதும், உன் வீட்டோட முடியட்டும். சாவியை வாங்கி வை, வண்டியை வித்துடலாம். நான் டிக்கெட் போடறேன், ரயில்ல வரட்டும். ஆனா உன்னால முடியாது, நீ ஒரு பயந்தாங்கொள்ளி" என்றாய். அதோடு விட்டாயா? "குட்டி பொறந்ததுலேருந்து நீ ஸ்டியரிங்கையே தொடறதில்ல, அந்த புத்தி அப்பாவுக்கு வரலையே" என்று ஒரு பாராட்டு வேறு. அந்தப் பாராட்டு இன்னும் எனக்கு ஜீரணமாகவில்லை.

வாழ்நாளெல்லாம் ரயில் ஓட்டிய மனிதரை, ஓய்வு பெற்ற பிறகு ரோட்டில் விட்டால் என்ன ஆகும் என்று நாம் அப்போதே யோசித்திருக்க வேண்டும். தண்டவாளம் தானாகவே வளைந்து கொடுத்துவிடும், ரோட்டில் நாம்தான் வளைக்க வேண்டும் என்பதே அவருக்கு அறுபதைத் தாண்டித்தான் தெரிய வந்தது. இருந்தாலும் குளிர்காலத்தில் சொந்தபந்தங்களை எல்லாம் பார்த்துக்கொண்டு, வழியில் ஏரி அருவி எல்லாவற்றையும் அம்மாவுக்குக் காட்டிக்கொண்டு வருவதென்று கிளம்பிவிட்டார். முதல் நிறுத்தம் அத்தை வீடு. அத்தை வீட்டு வாசல் எவ்வளவு குறுகல் என்று உனக்குத் தெரியும். உள்ளே சுலபமாக நுழைந்துவிட்டார். மறுநாள் வெளியே வர வேண்டும், பின்னால்தான் வர முடியும், இவர் அசையவில்லை. "டிரைவர் தன்னிஷ்டத்துக்குப் பின்னால போகக் கூடாது. பின்னால கொடி காட்ட ஆள் வேணும்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். நம் அத்தை, தம்பி என்றால் உயிரை விடுகிற அத்தை, தன் பச்சை சால்வையைக் கழற்றிக்கொண்டு நடுரோட்டில் நின்று ஆட்டியிருக்கிறாள். வண்டியும் நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேப்பர் எடுக்க வந்தாரா, இவர் பிரேக் போட்டார். அவர் போனார், வண்டி நகர்ந்தது. என்ன சத்தம் என்று அவர் திரும்பி வந்தார், மறுபடி பிரேக். கடைசியில் அத்தை போய், "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, கொஞ்ச நேரம் ஸ்வெட்டரைக் கழட்டிடுங்க, என் தம்பி ஊருக்குப் போகணும்" என்று கெஞ்சியிருக்கிறாள். பாவம் அந்த மனிதர், அந்தக் குளிரில் பனியனோடு நின்று வழியனுப்பி வைத்தாராம். அவருக்குக் காய்ச்சல் என்று அத்தை நேற்று போன் செய்தாள்.

இரண்டாவது சித்தி வீடு. அங்கே வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்பாவின் வாய்க்குத்தான் ஆனது. சித்தி வீடு பளபளவென்று இருப்பதைப் பார்த்து, "வீடுன்னா இப்படி இருக்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். சொன்னது அம்மாவின் தங்கை முன்னால். அம்மா ஒன்றும் பேசவில்லை. காரில் ஏறியும் பேசவில்லை. இங்கேதான் ஆபத்து. ரயிலில் ஓட்டுகிறவர் சிக்னலைப் பார்த்து நிறத்தைச் சொல்வார், பக்கத்தில் இருக்கும் உதவி ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்வார், இரண்டு பேரும் சொன்னால்தான் அது நிறம். அப்பாவின் காரில் உதவி ஓட்டுநர் யாரென்று உனக்கே தெரியும். டவுனின் பெரிய சந்திப்பில் விளக்கு மாறியிருக்கிறது. அப்பா "பச்சை" என்றார். அம்மா ஜன்னல் வழியாக ஒரு செருப்புக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பச்சை!" அம்மா இன்னும் செருப்புக் கடை. பின்னால் பத்துப் பதினைந்து வண்டிகள் ஹாரன் அடிக்க, விளக்கு சிவப்பாகி மறுபடி பச்சையாக, போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஏன் சார் நிக்கறீங்க? வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. இவங்க சொல்ல மாட்டேங்கறாங்க."

"எதை?"

"பச்சைன்னு."

போலீஸ்காரர் குனிந்து அம்மாவைப் பார்த்திருக்கிறார். "அம்மா, தயவுசெஞ்சு சொல்லிடுங்கம்மா. எனக்கு டியூட்டி முடியப் போகுது."

"முதல்ல எந்த வீடு பளபளன்னு இருக்குன்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க" என்றாளாம் நம் அம்மா. அப்பா அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் தலையை வெளியே நீட்டி, "எங்க வீடு, எங்க வீடு" என்று சொன்ன பிறகுதான் போக்குவரத்து சீரானது. இதை அம்மா என்னிடம் சொல்லும்போது முகத்தில் இருந்த பெருமையை நீ பார்க்க வேண்டும்.

இதற்கு மேல்தான் ஏரி. கேட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவர்கள் இரண்டு பேரும் என்னவோ சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார்கள். ஏரிக்கரையில் நிறுத்தி, "ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஹால்ட்" என்று அப்பா அறிவித்தார். அம்மா மூடுபனி விலகினால் அக்கரை தெரியும் என்று நின்றுகொண்டே இருந்தாள். அப்பா டீயைக் குடித்தார், ஏறினார், கிளம்பிவிட்டார்! எல்லாரும் ஏறியாயிற்றா என்று பார்ப்பது ரயிலின் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டின் வேலையாம், முன்னால் இருப்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கும் வழக்கமே இல்லையாம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அம்மா உட்காருவது பின்னால் இல்லையே, பக்கத்து சீட்டில் அல்லவா என்று கேட்டேன். "அவ தூங்கினா குறுக்கிப் படுத்துக்குவா, சால்வைதான் தெரியும். சால்வை இருந்துச்சு" என்கிறார். அடுத்த சிக்னலில் "சிவப்பு" என்று சொல்லிப் பதில் வராதபோதுதான் சால்வைக்குள் ஆள் இல்லை என்று தெரிந்திருக்கிறது. ரயில்காரர் நடுவழியில் திரும்பக் கூடாதே, அதனால் வட்டமாகச் சுற்றி வர ரோடு தேடிக்கொண்டு முன்னால் போயிருக்கிறார். இதற்குள் அம்மா ஒரு பால் வண்டியில் ஏறிக்கொண்டு, அது கடைக்குக் கடை நின்று பால் இறக்கிக்கொண்டே போயும், அப்பாவை முந்திவிட்டாள். முந்தும்போது கை வேறு காட்டினாளாம். பெட்ரோல் பங்க்கில் காத்திருந்து, "லேட்டு" என்று மட்டும் சொல்லி ஏறிக்கொண்டாளாம்.

இப்படிப்பட்ட இரண்டு பேரைக் குளிர்காலத்தில் மலைப்பாதையில் விட முடியுமா? நீ சொன்னது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சாவியை எப்படி வாங்குவது? உன் மாப்பிள்ளை ஒளித்து வைக்கலாம் என்றார். கெஞ்சலாம், அழலாம் என்று நான் நினைத்தேன், அழுகை எனக்கு எப்போதும் தயாராகத்தான் இருக்கிறது. கடைசியில் நான் செய்தது வேறு. இவர்கள் வாசலில் வந்து நின்றதும், நான் தலையை வாரிக்கொண்டு, ஷூ போட்டுக்கொண்டு, குட்டியை உன் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, கார் கதவருகே போய் விறைப்பாக நின்றேன். ரயிலில் வேலை முடிகிறவர் அடுத்து ஏறுகிறவரிடம் இப்படித்தானே ஒப்படைப்பார்?

"அப்பா, டியூட்டி மாத்திக்க வந்திருக்கேன்."

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நல்லாத் தூங்கினியா?"

"தூங்கினேன்." (பொய். குட்டிக்கு மூக்கடைப்பு.)

"உடம்பு சரியா இருக்கா?"

"இருக்கு."

"இண்டிகேட்டர் கூச்ச சுபாவம், ரெண்டு தடவை கூப்பிடணும். ரெண்டாவது கியர் கோவக்காரி, அதட்டாதே. பிரேக் நல்ல பிள்ளை. ஹீட்டர் இருக்குன்னு நினைச்சுக்கலாம், அவ்வளவுதான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"பொறுப்பு உன்னோடது" என்று சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். அண்ணா, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு சண்டை இல்லை! அவருடைய விதியைக் கொண்டே அவரை மடக்கிவிட்டேன். சாவி இப்போது குட்டியின் டயபர் பைக்குள் இருக்கிறது. அந்தப் பையில் யாரும் விரும்பிக் கை விட மாட்டார்கள்.

ஒன்றே ஒன்றுதான் மனசுக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. சாப்பிடும்போது அம்மா, "மலை மேல போய் பனியைப் பாத்துட்டு, அப்படியே புள்ளை வீட்டுக் கதவைத் தட்டணும். அதுக்காகத்தானே இவ்வளவு தூரம்" என்றாள். அப்பா மலை வழியாக ரயில் ஓட்டிவிட்டு வரும் நாட்களில் எல்லாம் "இன்னிக்குப் பனி பாத்தேன்" என்பாராம். அம்மா நமக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வாளாம். நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரயிலில் போகலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "அவ்வளவு வருஷம் முன்னாடி உக்காந்தவன் இனிமே டிக்கெட் வாங்கிட்டுப் பின்னாடி உக்கார்றதா?" என்று அப்பா கேட்டுவிட்டார். ஆகவே உன் வீட்டுக்கு அவர்கள் வரப்போவதில்லை. ஊர் திரும்ப நாம் ஏதாவது ஏற்பாடு செய்வோம். நீ நிம்மதியாகத் தூங்கு.

அண்ணிக்கு என் அன்பு. குட்டி உனக்கு ஒரு முத்தம் தரச் சொன்னான், மூக்கைத் துடைத்துவிட்டுத்தான் சொன்னான். உங்கள் புது வீட்டில் எல்லா நல்லதும் நிறையட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
இனிமேல் பயந்தாங்கொள்ளி என்று யாரும் கூப்பிட முடியாத
உன் தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியதில் உன் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்பதையும், நிம்மதியாகத் தூங்கு என்பதையும் அடித்துவிடு. காலையில் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வெளியே வந்தேன். காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் அப்பா, முகச்சவரம் செய்து, தொப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். பின்னால் அம்மா, மடியில் குட்டி, பக்கத்தில் டயபர் பை.

"என்னப்பா இது?"

"டியூட்டி மாத்திக்கிட்டவங்கதானே அடுத்து வண்டியை எடுக்கணும்? நேரமாச்சு, ஏறு."

"நான்தான் ஓட்டறதையே விட்டுட்டேனேப்பா!"

"நீ விட்டது காரை. இது டியூட்டி."

"வர்றியா இல்லையாடி? காலு விறைக்குது" என்றாள் அம்மா. உன் மாப்பிள்ளை "நான் லீவு கிடைச்சதும் ரயில்ல வந்துடறேன்" என்று சந்தோஷமாகக் கையாட்டினார். தெருமுனை வருவதற்குள் வண்டி நின்று போனது, ரெண்டாவது கியரை அதட்டிவிட்டேன். அப்பா நிறம் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, டவுனைத் தாண்டிய பிறகுதான் என் குரலில் நடுக்கம் நின்றது. மலை வளைவுகளில் அவர் வாயே திறக்கவில்லை, அது அவர் இலாகா இல்லையாம். நான்தான் வளைத்தேன், அண்ணா, ஒவ்வொரு வளைவையும் நானேதான்!

இதை எழுதுவது மலையுச்சியில், ஒரு டீக்கடை பெஞ்சில். ரோட்டைச் சுத்தமாக வழித்திருக்கிறார்கள், பனி ஓரங்களில் குவிந்து கிடக்கிறது. அம்மா ஒரு கை அள்ளி, "இதுதானா?" என்றாள். "இதுதான்" என்றார் அப்பா. "இவ்வளவு சில்லுன்னு இருக்கும்னு நீங்க சொல்லவே இல்லையே." அப்பா தன் கையை நீட்டி அதை வாங்கிப் பார்த்தார். "நான் கண்ணாடிக்கு உள்ளேருந்துதானேடி பாத்தேன். எனக்கும் இப்பத்தான் தெரியுது." இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்கள். ஹால்ட் முடிந்தது என்று சொல்ல வேண்டியது நான். சொல்லவில்லை.

இதைத் தபாலில் போடப் போவதில்லை, உன் கையிலேயே கொடுப்பேன். ஆகவே இந்த வரியை நீ படிக்கும்போது நான் உன் முன்னால்தான் நிற்கிறேன். முதலில் அம்மாவுக்குச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடு. வண்டியை விற்பது பற்றி வாயைத் திறக்காதே. சாவியைக் கேட்காதே, கொடுக்க மாட்டேன். திரும்பிப் போகும்போதும் ஓட்டப்போவது நான்தான்.