நூற்றுக்கு இரண்டு ஆத்துமாக்கள்

திருப்பூரிலிருந்து கப்பலேறும் பனியன்களில் பாதி, ரிஜெக்ட் அண்ணாச்சிக்குப் பயந்தே நேராகத் தைக்கப்பட்டவை. அருள்புரத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பழுதான பீஸ்களைக் கழித்துப்போடும் செக்கிங் இன்சார்ஜ் அவர்தான். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் காலரைப் புரட்டித் தையலைப் பார்ப்பார். பிறந்த குழந்தையைக் கையில் கொடுத்தால் ட்யூப்லைட் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, “பீஸ் ஓகே” என்பார்.

இந்த மனிதர் ஒருநாள் புதிதாகக் கிறிஸ்தவ சபை ஒன்று தொடங்கப்போவதாகச் சொன்னார். பதினோரு குடும்பம், ஒரு தகர ஷெட், கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாம் தயார்.

“தம்பி, சபைன்னா ஒரு தரிசனம் வேணும்லா? எதுக்குக் கூடுதோம், எங்க போறோம்னு ஒரு பக்கம் எழுதிக் கொண்டாங்க. நீங்க வெள்ளைக்காரன்கிட்டயே பேசுத ஆளு.”

“அதுக்கென்னங்க அண்ணாச்சி, அசத்திப்போடலாம்” என்றேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு பேசும் மெர்ச்சண்டைசர் என்ற கொழுப்பு எனக்கு.

இரண்டு வாரம் மறந்தே போனேன். முதல் ஆராதனையன்று காலையில்தான் ஞாபகம் வந்தது. தொழிலாளர்களுக்காகக் கம்பெனி தமிழில் அடித்து வைத்திருந்த ‘எங்கள் இலக்கு’ தாளை லேப்டாப்பில் திறந்தேன். ‘பீஸ்கள்’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘ஆத்துமாக்கள்’ என்று ஒரே தட்டலில் மாற்றி, பிரிண்ட் எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தேன். படித்துப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி ஜெபம் பண்ணிவிட்டு எல்லார் முன்னாலும் கணீரென்று வாசித்தார்.

“மாதம் ஒரு லட்சம் ஆத்துமாக்கள்.”

“ஆமென்!” என்று ஷெட் அதிர்ந்தது.

“குறித்த தேதியில் ஆத்துமாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி அனுப்புதல்.”

ஆமென் இளைத்துவிட்டது.

“ஆத்துமாக்களில் ரிஜெக்‌ஷன், நூற்றுக்கு இரண்டுக்குள்.”

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் கம்பெனியில் பிசிர் வெட்டும் சரசு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. புருஷனை விட்டு வந்தவள் என்று சொல்லி, முன்பு போன சபையில் அவளுக்குத் திருவிருந்து அப்பமும் ரசமும் கொடுக்காமல் எழுப்பி அனுப்பியிருந்தார்கள். அண்ணாச்சி நாலு தடவை கூப்பிட்ட பிறகுதான் இங்கே வந்திருந்தாள்.

“ஏனுங்க அண்ணாச்சி, அந்த ரெண்டுல நானும் வருவனுங்களா?” என்று கேட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

‘எழுதினது நான், என் சோம்பேறித்தனம்’ என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நான் குனிந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

“தப்பு என்னுது தாயி” என்றார் அண்ணாச்சி. “நாந்தான் புத்தியில்லாம எழுதிட்டேன். மன்னிச்சிரு, உக்காரு.”

தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஒரே வரி எழுதி வாசித்தார்: “இங்க ஒருத்தரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்.” சரசு அக்கா உட்கார்ந்தாள்.

இப்போது அந்த வரி ஷெட் வாசலில் பெயிண்டில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் விசாரித்தால் அண்ணாச்சி என் தோளில் கை போட்டு, “தரிசனம் நம்ம தம்பி எழுதுனதுல்லா!” என்கிறார். கேலியாக இருக்குமோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன்; கேலியே இல்லை. நானும் வெட்கமில்லாமல் தலையாட்டியிருக்கிறேன்.

இல்லைங்க. அட்டைப்பெட்டி வரிதான் என்னுடையது. இதையெல்லாம் எழுதியிருக்கும் இந்தப் பக்கத்தை முதலில் சரசு அக்காவிடம் கொடுக்கப்போகிறேன். இந்த வயதில் அந்த மனிதரை எனக்காக இன்னும் பொய் சொல்ல விட மனசு வரவில்லை.