கேப்டன் தேயரும் மொச்சைக்கொட்டையும்

மனைவியைப் படிக்க வைத்துவிட்டுப் பெருமைப்படும் கணவர்கள் உண்டு. படிக்க வைத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து வருத்தப்படுகிறவர், எனக்குத் தெரிந்து, வெண்டல் தேயர் ஒருவர்தான்.

எல்லாம் ஒரு ஜனவரிக் காலையில் ஆரம்பித்தது. வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே வெண்டல் தம் வாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜைமேல்தான். வேறு எங்கே போடுவார்?

லொரீன் முட்டையைக் கொண்டுவந்து, வாள் விட்டுவைத்த இடத்தில் தட்டை வைத்தாள்.

"வர்ற ஜூலைக்கு நான் முகாமுக்கு வரலை, வெண்டல்."

எண்ணெய்த் துணி அப்படியே நின்றது.

"வரலைன்னா?"

"வரலைன்னா வரலை. நான் கடலுக்குப் போறேன். பெர்னீஸ் அக்காவும் வர்றா."

"கடல் எங்க ஓடிப் போயிடப் போகுது? அடுத்த வருஷம் போலாம் லொரீன்."

"தேனிலவுல இதே வார்த்தையைச் சொன்னே. அப்ப உனக்குத் தலையில முடி இருந்துச்சு."

வெண்டல் ஹார்டுவேர் கடை நடத்தி ஓய்வு பெற்றவர். ஆனால் ஜூலை பிறந்தால் அவர் கேப்டன் தேயர். பிரிட்டிஷ் ராஜாவை எதிர்த்து இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் நடந்த சண்டையை, அதே உடுப்பு, அதே துப்பாக்கி, அதே கூடாரத்தோடு மறுபடி நடித்துக் காட்டும் ஒரு படைக்குத் தலைவர். மாசசூசெட்ஸில் இந்த மாதிரிப் படைகளுக்குப் பஞ்சமில்லை. முக்கோணத் தொப்பியைக் கழற்ற மனம் வராத ஆண்பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. அவரைக் கேப்டன் ஆக்கியது யார்? யாரும் ஆக்கவில்லை. கேப்டன் உடுப்பை முதலில் தைத்துக்கொண்டவர் அவர். அத்தோடு சரி.

ஆண்கள் சண்டை அரைமணி நேரம். செத்து விழுந்தவர்கள் எழுந்து, புல்லைத் தட்டிவிட்டு, நேராக வந்து தட்டை நீட்டுவார்கள். அந்தத் தட்டில் விழுவதற்காகப் பெண்கள் விடியலிலிருந்து கணுக்கால்வரை தொங்கும் கம்பளிப் பாவாடையில், வெட்டவெளி மைதானத்தில், விறகடுப்பு ஊதிக்கொண்டிருப்பார்கள். மொச்சைக்கொட்டை, கருப்பஞ்சாறு காய்ச்சிய பாகு, உப்புப் பன்றிக்கறி. முகாம் நடக்கும் இரண்டு வாரமும் அதேதான். பத்தொன்பது கோடைகாலம் லொரீன் அந்தப் பானையைக் கிண்டியிருக்கிறாள். புகை எந்தப் பக்கம் அடித்தாலும் அவள் பக்கம்தான் அடிக்கும்.

வெண்டல் யோசித்தார். லொரீன் இல்லாத முகாமா? மொச்சையை யார் கிண்டுவது? பனி வாரப் போனவர், பக்கத்து வீட்டு ஃப்ளாய்டிடம் விஷயத்தைச் சொன்னார். ஃப்ளாய்ட் படையில் முரசடிப்பவன்.

"அவளுக்கு ஆர்வம் இல்லை ஃப்ளாய்ட். ஏன் இல்லை? வரலாறு தெரியாது. தெரிஞ்சுட்டா பித்துப் பிடிச்சு அலைவா. சமுதாயக் கல்லூரியில ஆரம்பகால அமெரிக்க வரலாறுன்னு ஒரு வகுப்பு இருக்கு. சேர்த்துவிடப் போறேன்."

"படிச்சா கேள்வி கேப்பாங்களே, கேப்டன்?"

"கேக்கட்டுமே! பதில் சொல்ல நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். நானும் சேர்றேன்."

ஃப்ளாய்ட் குனிந்து பனியை வாரினான். கல்யாணம் ஆனவன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் வெண்டல் விஷயத்தை எடுத்தார். லொரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"படிக்கவா? நானா? அப்ப சமையல்?"

"வகுப்பு இருக்கிற நாள் நான் பாத்துக்கறேன்."

அவருக்குக் காய்ச்சலோ என்பதுபோலப் பார்த்தாள். பிறகு கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பனியைப் பார்த்தாள்.

"சரி, படிக்கிறேன். ஆனா ஒண்ணு. படிச்சு முடிச்சப்புறம் ஜூலையில எங்க போறது, என்ன பண்றதுன்னு வரலாறு என்ன சொல்லுதோ அதுபடிதான். ஒத்துக்கறியா?"

வெண்டலுக்குச் சிரிப்பு பொங்கியது. "வரலாறு என் கட்சி, லொரீன்!"

கையடித்துக் கொடுத்தார். அந்தக் கையை இப்போது அவர் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு வருகிறது.

வகுப்பெடுத்தவள் மிஸ் பெலிங்கர். வெண்டலின் மகள் வயது இருக்கும். முதல் நாள், ஏன் இங்கே வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். மற்றவர்கள் ஒரு வரியில் முடித்தார்கள். வெண்டல் எழுந்து நின்றார்.

"எங்க படையில அந்தக் காலத்துல என்ன பண்ணாங்களோ அதை மட்டும்தான் பண்ணுவோம், மிஸ். அணுவளவு பிசகாது. பிசகினா இந்த வாளைக் கழட்டி வச்சுடுவேன்."

"வாளோடயா வந்திருக்கீங்க, மிஸ்டர் தேயர்?"

"கார்ல இருக்கு."

வகுப்பு சிரித்தது. லொரீன் சிரிக்கவில்லை. அவர் சொன்னதை வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள்.

பிறகு லொரீன் படித்தாள். அப்படி ஒரு படிப்பு! அடுப்பில் ஒரு பக்கம் வாணலி, ஒரு பக்கம் புத்தகம். ரொட்டி கருகியது. துணி இயந்திரத்திலேயே நனைந்து கிடந்தது. வகுப்பு நாட்களில் வெண்டல் சமைத்தார். அதாவது, உறைந்த பீட்ஸாவை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தார். ஒரு முறை எடுக்க மறந்து அட்டையோடு சுட்டார். ஆனாலும் பூரிப்பு. "பத்திக்கிச்சு ஃப்ளாய்ட், பத்திக்கிச்சு!" என்றார் வேலியோரம். அட்டையைச் சொல்கிறாரா, மனைவியைச் சொல்கிறாரா என்று ஃப்ளாய்டுக்குப் புரியவில்லை.

மார்ச்சில் முதல் குண்டு விழுந்தது.

"வெண்டல், உன் போர்க் கால்சட்டையில ஜிப் இருக்கு."

"அது... அவசரத்துக்கு."

"ராஜாவை எதிர்த்தவங்க எல்லாம் பொத்தான் போட்டுத்தான் அவசரத்தை அடக்கினாங்க."

ஜிப் போனது. அவர் கூடாரத்தில் போர்வை போட்டு மறைத்து வைக்கும் ஐஸ் பெட்டி போனது. மடக்கு நாற்காலி போனது. வெண்டல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். ஆர்வம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். இன்னொரு நாள், பாத்திரம் கழுவிக்கொண்டே பொதுவாகச் சொன்னாள்:

"அந்தக் காலத்துச் சிப்பாய்ங்க, ஒப்புக்கிட்ட காலம் முடிஞ்சா சண்டை பாதியில நின்னாலும் மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்களாம். தளபதி கெஞ்சுவாராம், பாவம்."

புத்தியுள்ள புருஷன் அந்த இடத்திலேயே விழித்திருப்பான். வெண்டல் தட்டைத் துடைத்தார்.

வகுப்பிலும் அவர் விழித்ததில்லை. வரி, தேயிலை, முத்திரைச் சட்டம் எல்லாம் குறட்டையில் கரைந்தன. ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார், அதில் சாப்பாட்டுச் சாமான் வந்ததால். மாசசூசெட்ஸில் முதன்முதலில் குடியேறியவர்கள் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்க என்ன செய்தார்கள் தெரியுமா? வேண்டும் என்றால் சோளமணி போட்டார்கள். வேண்டாம் என்றால் மொச்சைக்கொட்டை.

"அடடா!" என்றார் வெண்டல் சத்தமாக. மூன்று மாதத்தில் அவர் கற்ற ஒரே வரலாறு அதுதான். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஏப்ரலில் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் படையின் கூட்டம். வழக்கம்போல மொச்சை விருந்து. ஜூலை முகாம் பற்றி வெண்டல் பேசி முடித்ததும் லொரீன் கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகம், கேப்டன். அந்தக் காலத்துல இந்தப் பக்கத்துப் படைகள்ல கேப்டனைச் சிப்பாய்ங்களே ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தாங்கன்னு மிஸ் பெலிங்கர் சொன்னாங்க. நாம போட்டதே இல்லையே?"

கூடம் அமைதியானது. வெண்டலின் காதில் அது கைதட்டல்போலக் கேட்டது. பத்தொன்பது வருடச் சேவை! யார் எதிர்ப்பார்கள்? தேர்ந்தெடுக்கப்பட்ட கேப்டன் என்றால் அதன் கௌரவமே தனி.

"போட்டுடுவோம்!" என்றார். "அதுவும் முறைப்படி. சோளமும் மொச்சையும் வச்சு!" சமையலறைக்கு அவரே ஓடினார். ஒரு கிண்ணம் சோளம், ஒரு மூட்டை காய்ந்த மொச்சை. போட ஒரு பாத்திரம் வேண்டுமே? தம் முக்கோணத் தொப்பியைக் கழற்றி மல்லாத்தி வைத்தார்.

பெண்கள் வரிசையில் நிற்பதை அப்போதுதான் கவனித்தார்.

"ஒரு நிமிஷம். சிப்பாய்ங்க மட்டும்தான் ஓட்டுப் போடலாம்."

"நாங்க சிப்பாய்ங்கதானே, வெண்டல்?" என்றாள் ஃப்ளாய்டின் மனைவி டாரிஸ். "மைதானம் குடுக்கறதுக்குப் படையில ஆள் போதலைன்னு டவுன் ஆபீஸ்ல சொன்னப்ப எங்க பேரை எல்லாம் சிப்பாய்னு சேர்த்தது யாரு?"

சேர்த்தவர் தொப்பியை வரிசைப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வரிசை நகர்ந்தது. தொப்பிக்குள் ஒவ்வொரு கையாகப் போய் வந்தது. டக், டக் என்ற சத்தம். சோளம் விழுந்தால் என்ன சத்தம், மொச்சை விழுந்தால் என்ன சத்தம் என்று வெண்டல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எல்லாம் ஒரே சத்தமாக இருந்தது. அது நல்ல சகுனம் என்று நினைத்தார், பாவம்.

தொப்பியை மேஜையில் கொட்டினார்கள். வெள்ளை வெளேரென்று மொச்சை. அதற்கு நடுவே, வழி தவறி வந்த பிள்ளைகள்போல, இரண்டே இரண்டு சோளமணிகள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. டாரிஸ் லொரீனின் பெயரைச் சொன்னாள். கைகள் உயர்ந்தன, பெண்களுடையது முதலில், ஆண்களுடையது மனைவியைப் பார்த்துவிட்டு. வெண்டல் வாளைக் கழற்றினார். அதை வாங்கிக்கொண்ட லொரீன் கைப்பையைப்போல முழங்கையில் மாட்டிக்கொண்டாள்.

"முதல் உத்தரவு. அந்தக் காலத்துல கடலோரக் காவலுக்குன்னே தனிப் படைங்க இருந்துச்சு. இந்த ஜூலையில நம்ம படையும் கடலோரக் காவலுக்குப் போகுது. மணல்ல கூடாரம். எதிரிக் கப்பல் வருதான்னு தண்ணிக்குள்ள நின்னு பாக்கணும், முழங்கால்வரைக்குமாவது."

பெண்கள் போட்ட கூச்சலில் மேஜையிலிருந்த மொச்சை உருண்டது.

திரும்பும்போது லொரீன்தான் கார் ஓட்டினாள். வெண்டல் காலியான தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கடல் எவ்வளவு தூரம் லொரீன்?"

"ரெண்டு மணி நேரம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். எப்பவுமே அவ்வளவுதான் இருந்துச்சு."

வெண்டல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு மணி நேரம். இதைவிட அதிக நேரம் அவர் ஒரு வாளுக்கு எண்ணெய் போட்டிருக்கிறார். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் கிண்டிய பானைகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒரு முறையாவது கரண்டியை வாங்கியிருக்கலாம்.

"ஒரு சோளம் நான் போட்டது," என்றார் கடைசியில். "இன்னொண்ணு யாரு? ஃப்ளாய்டா?"

"ஃப்ளாய்டா! அவன் ரெண்டு மொச்சை போட்டான். ஒண்ணை நான்தான் வெளியில எடுத்தேன்."

"அப்ப யாரு?"

லொரீன் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "நான்தான். பத்தொம்பது வருஷம் ஆச்சே, வெண்டல். ஒரேயடியா ஒத்தை மணியில நிக்க விட மனசு வரலை."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தோளைத் தொட்டார். இனி அவள் என்ன சொன்னாலும் செய்வது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தார். வாயாலும் சொல்லிவிட்டார்.

"கடலோரக் காவல்ல எனக்கு என்ன வேலை, கேப்டன்? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"சொல்லாம என்ன?" என்றாள் லொரீன். "உனக்கு எதிரா விழுந்த மொச்சை, மூட்டையில மிச்சம் இருந்த மொச்சை, அத்தனையும் பின்சீட்டுல பத்திரமா இருக்கு. படை மொத்தத்துக்கும் வரும். வீட்டுக்குப் போன உடனே ஊறப் போட்டுப் பழகிக்கோ."