கூட வந்தவர்

"டொம்!"

கார்த்திகேசு போதையில் ஒரே உதையில் திறந்த கார் கதவு, வெளியே நின்ற மச்சான் குருவின் வாயில் போய் முட்டியது. உதடு கிழிந்து ஒரே ரத்தம்.

கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கார்த்திகேசு கதை ஒன்றைத் தயார் செய்துவிட்டார். பத்துமலை முருகன் முன் சத்தியம் செய்து குடியை விட்டவர் அவர். மறுபடி தொட்டது தெரிந்தால், மகளோடு சுங்கை வேயில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி புனிதா சொல்லியிருந்தாள்.

"உன் தம்பி குடிச்சிட்டு விழுந்துட்டான்லா. நான்தான் தூக்கிட்டு வந்தேன்" என்று அவளுக்குப் போன் போட்டார். நர்ஸ் லோகேஸ்வரியிடமும் அதையே சொன்னார். புனிதா உடனே கிளம்பிவிட்டாள்.

குருவை உள்ளே அழைத்துப் போன லோகேஸ்வரி, சற்றுப் பொறுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரால பேச முடியல. நீங்களே சொல்லுங்க அங்கிள். வாரத்துல எத்தனை நாள் குடிப்பாரு?"

"ரெண்டு..."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரி, அஞ்சு."

"தனியாவா?"

தனியாக என்றால் மோசமாகப் படும். "சேச்சே, கூட ஒரு கூட்டாளி உண்டு மிஸ்ஸி."

"அந்த ஆளை முதல்ல வெட்டி விடணும்."

"ஐயோ, அவரு தங்கமான மனுஷன்!"

வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் கார்த்திகேசுவின் கழுத்து தானாகத் திரும்பியது. புனிதா இல்லை.

"குடியைக் குறைக்கணும்னு ஆசை இருக்கா? பத்துக்கு எத்தனை மார்க் போடலாம்?"

"மூணு."

"ஏன், முட்டை போடலையே?"

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"பொண்ணு தூங்காம உக்காந்திருக்கும் மிஸ்ஸி. கிட்டப் போனா மூக்கைப் பொத்திக்கும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது, குருவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. லோகேஸ்வரியின் முகம் மாறவில்லை.

"அப்போ என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க."

"கடைப் பக்கமே போகக் கூடாது. அடுத்த வாரம் இங்கே நானே கூட்டிட்டு வரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா!"

புனிதா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். கார்த்திகேசு எழுந்து நின்றார். "பயப்படாதே. உன் தம்பி இனிமே தொட மாட்டான். எல்லாம் பேசி முடிச்சாச்சு."

திரையை விலக்கிக்கொண்டு, தையல் போட்ட வாயோடு குரு வந்தான். இப்போது குழறலாகவாவது பேச்சு வந்தது.

"மிஸ்ஸி, நான் போன்ல டைப் பண்ணிக் காட்டின மாதிரியே மாமாகிட்ட எல்லாத்தையும் கேட்டாச்சா? நான் கடையில மைலோ ஐஸைத் தவிர எதையும் தொட்டதில்லையே!"