ஆப்ஷன் அண்ணனும் மைக் வைத்த மாடலும்

ஒரு பொருளை வாங்கப் போய், கடையில் நிற்கும் மற்ற எல்லாரையும் வாங்க வைத்துவிட்டு, தான் மட்டும் வெறுங்கையோடு வீடு திரும்பக்கூடிய மனிதர் விருத்தாசலத்தில் ஒருவர்தான். எதைக் காட்டினாலும் 'வேற ஆப்ஷன் இருக்கா?' என்று கேட்கும் எங்கள் ஆப்ஷன் அண்ணன்தான் அவர். பீங்கான் தொழிற்பேட்டையில் பியூஸ் கேரியர் செய்யும் யூனிட்டில் அவருக்குச் சூளை வேலை, எனக்கு ஆபீஸ் வேலை. ஒருமுறை அவர் செருப்பு வாங்கத் துணைக்குப் போய் நான் இரண்டு ஜோடி வாங்கி வந்தேன். அண்ணன் பழைய செருப்போடுதான் திரும்பினார்.

இப்படிப்பட்டவருக்கு ஹாம் ரேடியோ ஆசை வந்தது. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினால், வீட்டில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு கடல் தாண்டியும் பேசலாம். லைசென்ஸ் வந்துவிட்டது. கருவிதான் பாக்கி. உதிரி பாகங்களாகப் பெட்டியில் வரும் கிட்டை வாங்கி நாமே ஈயத்தால் பற்ற வைத்துச் சேர்க்க வேண்டும். அதில் மாடல் பல, ஒவ்வொரு மாடலுக்கும் ஆப்ஷன் பல. அண்ணனுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஒரு பேண்டா, ஐந்து பேண்டா? டப்பாவோடா, டப்பா இல்லாமலா? எங்கள் டீக்கடை பாய் ஐந்து பேண்டுக்கு ஓட்டுப் போட்டார்.

"ஒத்த பேண்டு பஞ்சரானா நடுரோட்டுல நிப்பீங்க. கூட நாலு இருக்கட்டுங்க."

பேண்டு என்றால் அலைவரிசை என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் நான் ஒற்றை பேண்டு கட்சி என்பதால் அந்த வாரம் முழுக்க எனக்கு ஆறின டீதான் கிடைத்தது.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. டப்பா முடிவானது. டிஸ்பிளே முடிவானது. பேண்டு விஷயத்தில் பாய் ஜெயித்தார். கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி நின்றது: மைக் வைத்துப் பேசும் மாடலா, மைக்கே இல்லாமல் தந்தி மாதிரி விரலால் மோர்ஸ் தட்டும் மாடலா?

"மைக்கு வேணாம் தம்பி. தட்டுனா போதும். கரண்டு கம்மி."

"பேசறதுக்குத்தானேண்ணே ரேடியோ?"

"கரண்டு கம்மி தம்பி," என்றார் மறுபடியும், என் முகத்தைப் பார்க்காமல்.

காரணம் கரண்டு இல்லை. அண்ணனுக்குத் திக்கும். ஊர்க்கதை பேசும்போது அவ்வளவாகத் தெரியாது. சொந்தப் பெயரைக் கேட்டால்தான் முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பார்சல் ஆபீஸில் பெயர் கேட்டால்கூட, "ஆப்ஷன்னு போட்டுக்குங்க" என்பார். ரேடியோவிலோ புதிதாக வருகிறவரிடம் முதலில் கேட்பதே பெயரைத்தான். மோர்ஸ் என்றால் விரல் திக்காது. ஆனால் ஹாம்காரர்கள் பேசிக்கொள்ளும் வீடியோக்களைச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வாய் பிளந்து பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். மனுஷனுக்கு ஆசை முழுக்க அந்த மைக்கின் மேல்தான். எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், என் போனில் ஆர்டர் போட உட்கார்ந்தோம். அண்ணன் மைக் இல்லாத மாடலைக் காட்டினார். அண்ணி அடுப்படியிலிருந்து வந்து நின்றார்.

"ஏங்க, கோயில்ல நம்ம கல்யாணத்தப்ப, பேரைச் சொல்லி 'ஆகிய நான்'னு சொல்லணுமே, சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்."

"லேசுல சொன்னீங்களா? சாமியார் வேர்வைய தொடச்சிக்கிட்டாரு. பாட்டுக்காரங்க எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு பாட்டையே பாடி முடிச்சாங்க. நான் எங்கனா போயிட்டனா? நின்னுக்கிட்டுதான இருந்தேன்?"

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"கேக்கணும்னு இருக்கிறவங்க நிப்பாங்க. தம்பி, நீங்க மைக்கு வெச்சதையே போடுங்க."

போட்டேன். அண்ணன் பணத்தை எண்ணி என் கையில் வைத்தார்.

கிட் வந்தது. அண்ணன் பற்ற வைத்து முடித்தார். எங்கள் யூனிட்டின் பீங்கான் இன்சுலேட்டர் இரண்டைக் கட்டி மொட்டைமாடியில் ஏரியலுக்குக் கம்பி இழுத்தோம். ஒரு சாயங்காலம் அங்கேயே கோரைப்பாய் விரித்து உட்கார்ந்து அண்ணன் மைக்கைப் பிடித்தார். லைசென்ஸோடு கொடுத்திருந்த அழைப்புக்குறியை ஒருவழியாகச் சொல்லிவிட்டார். இலங்கையிலிருந்து ஒரு பெரியவர் பதில் கொடுத்தார். அண்ணனுடைய இங்கிலீஷைக் கேட்டதும் உடனே தமிழுக்கு மாறினார்.

"உங்கட பேர் என்ன, தம்பி?"

முதல் எழுத்து வந்தது. மறுபடியும் அதே எழுத்துதான் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அண்ணி ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். அண்ணன் தோற்றுப்போய் மைக் பொத்தானை விட்டார்.

"வெட்டி வெட்டி வருது தம்பி. இண்டைக்கு வானம் சரியில்லை. ஒருக்கா திருப்பிச் சொல்லுங்கோ, நான் நிக்கிறன்," என்றது பெட்டி.

அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து முதல்முறையாக யாரோ ஒருவர் பழியைத் தூக்கி வானத்தின் மேல் போட்டிருக்கிறார். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்போடு சிரிப்பாகப் பொத்தானை அழுத்தினார். பெயர் முழுதாக வந்து விழுந்தது.

"இப்ப வடிவாக் கேக்குது. நல்ல பேர்," என்றார் பெரியவர்.

கேட்காமலேயே அண்ணன் அதை இன்னும் இரண்டு தடவை சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

இப்போதும் சில நாள் திக்கத்தான் செய்கிறது. "இன்னிக்கி வானம் சரியில்ல தம்பி," என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் அவரையே கேளுங்கள், சொல்வார். கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.