ஓசையில்லாத நேரத்தில் எரிந்த விளக்கு

கண்ணாடி அறைக்குள் இருந்த பூட்டுக்காரர் மறுபடியும் பட்டனை அமுக்கினார். மேசையில் இருந்த சின்னப் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது.

காதுக்காரர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். இரண்டும் மடியில்தான் இருந்தன. கருவியில் எந்த ஓசையையும் அவர் அனுப்பவில்லை.

காது சோதித்துக் கருவி பொருத்தும் கடை அவருடையது. அதனால் தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்றே பெயர். கடையின் பாதியை ஓசை புகாத கண்ணாடி அறை ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. வருகிறவரை அதற்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் சரி, கேட்டா அமுக்குங்க" என்பார். பிறகு வெளியே மேசைக்கு வந்து ஒவ்வொரு ஓசையாக அனுப்புவார். அவர் கை அசைவதைப் பார்த்து யாரும் சாமர்த்தியம் காட்டிவிடக் கூடாது என்று உள்ளே நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்.

பூட்டுக்காரரோ ஓசை போனபோதெல்லாம் பிடித்துவைத்த மண் மாதிரி அசையாமல் இருந்தார். ஓசை நின்ற பிறகு நிதானமாக அமுக்கினார்.

கதவைத் திறந்து அவரை வெளியே கூட்டிவந்தார் காதுக்காரர். பூட்டுக்காரரோடு வந்திருந்த அவர் மருமகளிடம், சோதனை சரியாக வரவில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். பூட்டுக்காரர் காதுக்காரரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

"உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. போய் வேலையப் பாருங்க."

மகளைப் பற்றிக் காதுக்காரர் கடையில் மூச்சுகூட விட்டதில்லை.

மகள் பிரசவத்துக்கு நாள் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். ரத்த அழுத்தம் இறங்குவேனா என்றது. டாக்டரைக் கேட்டால் "பார்ப்போம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மனைவி காலையில் எழுந்ததும் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவாள். இவரையும் பக்கத்தில் உட்கார வைப்பாள். இவரும் உதட்டை அசைப்பார்.

அசைப்பதோடு சரி. கடவுள் இல்லை என்று மேடை போட்டுச் சொல்கிற ஆள் இல்லை அவர். இருக்கிறார் என்று சொல்லவும் வாய் வரவில்லை, அவ்வளவுதான். தொழில்புத்தி யாரை விட்டது? சின்ன வயதிலிருந்து எத்தனையோ வேண்டுதல் அனுப்பிப் பார்த்தாயிற்று, அந்தப் பக்கம் ஒரு தடவைகூட விளக்கு எரியவில்லை. கேட்கிறவருக்குக் காது மந்தமா, அல்லது நாற்காலியே காலியா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அன்று காலை கண்ணை மூடியபடி மனசுக்குள் கேட்டும் இருந்தார்: இருந்தா ஒரு தடவை அமுக்கேன்.

இப்போது அமுக்கியாயிற்று. ஆனால் அமுக்கியது பூட்டுக்காரர்.

ஹெட்போன் கோளாறாக இருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, பெட்டியில் வைத்திருந்த புது ஹெட்போனை எடுத்து மாட்டினார். அடுத்து வந்த டீச்சரம்மா நிசப்தத்தில் அமுக்கியதோடு நிற்கவில்லை. வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சின்ன வயசுல உங்க பொண்ணுக்கு ஜுரம் வந்தப்பவும் இப்படித்தான் தவிச்சீங்களாமே? அது சரியான மாதிரி இதுவும் சரியாயிடும்."

அந்த ஜுரம் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தார். டீச்சரம்மா நின்று விளக்கம் சொல்லும் மனநிலையில் இல்லை.

அறைக்குள் தெருச்சத்தம் கசிகிறது, அதில் என்னவோ கேட்டு என்னவோ நினைத்துக்கொள்கிறார்கள் என்று அடுத்த நாள் முடிவு கட்டினார். கதவிடுக்கில் பஞ்சு அடைத்தார். சுவரில் இன்னொரு மெத்தை ஒட்டினார். உள்ளே நின்றால் தம் இதயம் துடிப்பதே கேட்டது. வேலை சுத்தம் என்று திருப்தியோடு வெளியே வந்து, பஸ் டிரைவரை உள்ளே அனுப்பினார்.

டிரைவர் பட்டனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. பச்சை விளக்கு விடாமல் எரிந்தது. வெளியே வந்தவர் முகம் வெளுத்திருந்தது.

"சார், நம்பிக்கை இல்லைன்னா போகட்டும். அதுக்காக வீட்டம்மா பக்கத்துல உக்காந்து நடிக்காதீங்க."

இது உலகத்தில் காதுக்காரர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கடையைப் பாதியில் அடைத்துவிடலாமா என்று பார்த்தார். ஆனால் வெளியே ஓடவும் மனம் வரவில்லை. பயத்துக்கு அடியில் ஒரு சின்னச் சந்தோஷம் முளைத்திருந்தது. நாற்காலி காலியில்லை போலிருக்கிறது. அன்று முழுதும் மேசை முன் உட்கார்ந்து, மகளின் ஃபோட்டோவைப் பார்த்தபடி, மனசுக்குள் மன்றாடிக்கொண்டே இருந்தார்.

மாலையில் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தாள். ஆபரேஷன் செய்துவிடப் போகிறார்களாம். தலை சுற்றுகிறது, கொஞ்ச நேரம் அமைதியாக உட்காருகிறேன் என்று கண்ணாடி அறைக்குள் போனாள். உள்ளே ஹெட்போனையும் எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மேசை மேல் பச்சை விளக்கு எரிந்தது. காதுக்காரர் எழுந்து ஓடிக் கதவைத் திறந்தார். மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன கேட்டுச்சு?"

"உங்க குரல்தான்."

"நான் வாயே திறக்கலையே."

"மூடவே இல்ல நீங்க. இருக்கியா, இருக்கியா, என் பொண்ண விட்டுடுன்னு புலம்பிட்டே இருக்கீங்க. நம்பிக்கை இல்லாமத்தான் தினமும் என் பக்கத்துல உக்காந்தீங்களா?"

உள்ளே இருப்பவரோடு பேச மேசையில் ஒரு விசை உண்டு. அதை அமுக்கினால் இவர் பேசுவது ஹெட்போனில் கேட்கும். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று கொண்டுவந்து வைத்த ஃபோட்டோ, சட்டத்தோடு அந்த விசையை அமுக்கிக்கொண்டு அதன் மேல்தான் சாய்ந்திருந்தது. மனசுக்குள் என்று நினைத்துக்கொண்டு அவர் வாய்விட்டே புலம்பியிருக்கிறார். புது ஹெட்போன் அவர் புலம்பலைத் தெளிவாக்கியிருக்கிறது. ஒட்டிய மெத்தை இன்னும் தெளிவாக்கியிருக்கிறது. கேட்டால் அமுக்குங்கள் என்றார், கேட்டது, அமுக்கினார்கள்.

காதுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அந்தப் பச்சை விளக்கை அவர் நம்பத் தொடங்கியிருந்தார். மனைவி கோபத்தை ஒத்திவைத்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மருமகனிடமிருந்து ஃபோன் வந்தது. அவசரம் என்று ஆபரேஷனை முன்னதாகவே செய்துவிட்டார்களாம். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

"இப்ப யாருக்கு நன்றி சொல்லப்போறீங்க?" என்றாள் மனைவி.

"முதல்ல டாக்டருக்கு" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மத்தவருக்கு வீட்டுக்குப் போய் யோசிச்சு சொல்றேன்."

ஃபோட்டோவைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு கடையைப் பூட்டும்போது, பூட்டுக்காரரின் மருமகள் அந்தப் பக்கமாக வந்தாள். காதுக்காரர் உற்சாகமாகக் கூப்பிட்டு, கருவியில் இருந்த கோளாறு தெரிந்துவிட்டது, நாளைக்கே மாமாவை அழைத்து வாருங்கள், ஒழுங்காகச் சோதித்துவிடலாம் என்றார்.

"வேண்டாம் சார், பெரிய டாக்டர்கிட்ட காட்டிட்டோம்" என்றாள் அவள். "இத்தனை நாளா எங்க வாயசைவப் பார்த்தே சமாளிச்சிருக்காரு. ரெண்டு காதுலயும் நரம்பே செத்துப்போச்சாம், பல வருஷமா ஒரு சத்தமும் அவருக்குக் கேட்டிருக்காதாம்."

காதுக்காரர் பாதி சாத்திய கதவு வழியே திரும்பிப் பார்த்தார்; கண்ணாடி அறைக்குள் நாற்காலி சுவரைப் பார்த்தபடிதான் இருந்தது.