சீனிப் போத்தல் பொறி

கல்முனையில் இன்னும் அச்சில் வரும் ஒரே கணினிப் பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர், சைக்கிளில் கொண்டுபோய்ப் போடுகிறவர் எல்லாமே கச்சிமுகம்மதுதான். விளம்பரம் தந்த கடையில் விற்றாலும் தரமில்லாத போனைத் தரமில்லை என்றே எழுதுவார். ஆகவே விளம்பரம் நின்றது. வாசகர்களும் வட்சப்புக்குக் குடிபெயர்ந்தார்கள். அவரோ அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். அதில் வருவது செய்தியல்ல, வதந்தி என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவரின் காதில் இடி விழுந்தது. யாரோ ஒரு பெண் அவர் எழுதுவதை, பத்திரிகை அச்சேறும் முன்பே, வட்சப்பில் வாசிக்கிறாளாம். ஊரே கேட்கிறதாம்.

"கள்ளியப் புடிக்காம உடமாட்டன்!" என்று மனைவி சுபைறாவிடம் சபதம் போட்டார்.

"புடிங்க. முதல்ல மூக்கத் துடைங்க," என்றாள் அவள். அவருக்குத் தடிமன்.

பொறி வைத்தார். புதுப் போனைச் சீனிப் போத்தலுக்குள் வைத்தால் பற்றரி நெடுநாள் உழைக்கும் என்று வேண்டுமென்றே ஒரு பொய் எழுதினார். கள்ளி வாசிப்பாள், ஊர் சிரிக்கும். அச்சேறும்போது வரியை வெட்டிவிடலாம். வழக்கம்போல் எழுத்துப்பிழை பார்க்கச் சுபைறாவிடம் கொடுத்துவிட்டு, அச்சகத்தில் சேர்த்தார்.

மறுநாள் அச்சக முதலாளி நல்லரெத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கச்சிமுகம்மது நானா, இதக் கேளுங்க!"

அவர் நீட்டிய போன் பேசியது: "புள்ளைகள், சீனிக்குள்ள போன வெச்சிராதீங்க, பிறகு எறும்புதான் கதைக்கும். ஆசிரியருக்குத் தடிமன், பிழைச்சி எழுதிட்டாரு. மத்ததெல்லாம் சரி. பாவம், நல்ல மனிசன்."

தினமும் அவரைச் சுபஹுத் தொழுகைக்கு எழுப்புகிற குரல்!

வீட்டுக்குப் பறந்தார். சுபைறா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "நீயா புள்ள? இந்த ஊட்ட உட்டு..." மிச்சம் வாயில் வரவில்லை. வீடு சுபைறாவின் சீதனம். அந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பவர். வெளியே போவதென்றால் அவர்தான் போகவேண்டும்.

"ஓம், நான்தான். நீங்க கண்ணக் கெடுத்து எழுதுறத்தக் கறையான்தானே வாசிக்குது? நாலு பேர் கேக்கட்டுமே எண்டு வாசிச்சன்."

கோபம் கரைந்து அவர் கண் கலங்கியது. "அப்ப, என்ட பத்திரிகைய ஆரு வாங்குவாங்க?"

"அதான் எல்லாரும் கேக்குறாங்க, வாங்கலாமா வேணாமா எண்டு. அடுத்த கிழமை அதப் பத்தித்தான் கதைக்கப் போறன்."

அவள் ஒரு சொல் சொன்னால் பத்திரிகை பிழைக்கும், இல்லாவிட்டால் மௌத்து.

"நல்லதாச் சொல்லுவாய்தானே?"

"உள்ளதச் சொல்லுவன். எனக்குப் போன் கடைக்காரனும் ஒண்டுதான், புருசனும் ஒண்டுதான்."

எந்த முதலாளிக்கும் வளையாத ஆசிரியர் கச்சிமுகம்மது, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி மீன் வெட்ட உட்கார்ந்தார்.